பெயர் சொல்லாமல் நின்ற பிள்ளை

"பேர் சொல்லிக் கூப்பிட்டா அவவுக்கு நோகுமா அம்மா?"

என் மகள் இனியா இதைக் கேட்டு ஒரு குளிர்காலம் போய்விட்டது. என்னிடம் இன்னும் பதில் இல்லை. நோகாது என்று சொன்னால், அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து நான் சொல்லிக் கொடுத்த ஒன்று பொய்யாகிவிடும். நோகும் என்று சொன்னால், அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு நல்ல பெண்ணை நாள் முழுக்க நோகடிக்கிறார்கள் என்று ஆகிவிடும்.

அந்த நல்ல பெண், இனியாவின் ஆசிரியை மெலனி. இனியா இந்த வருடம்தான் பிரெப்பில் சேர்ந்தாள். மெல்பேர்னில் ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்புக்கு அப்படித்தான் பெயர். எங்கள் பகுதிப் பள்ளியில் பிள்ளைகள் ஆசிரியர்களை முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மிஸ் இல்லை, சேர் இல்லை. அதிபரையும் அப்படியேதான். மெலனியை இன்னும் சுருக்கி, மெல் என்பார்கள்.

எங்கள் வீட்டில் பெரியவர்களின் பெயரைப் பிள்ளைகள் சொல்வதில்லை. இதைப் படிக்கும் பலருடைய வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும்.

கண்ணாடிக்கு அப்பால்

அந்தக் காலையை நினைக்கும்போது கண்ட கனவொன்றை நினைப்பதுபோல் இருக்கிறது. பள்ளி மைதானம் முழுவதும் பனிமூட்டம். ஃபுட்டி என்னும் இந்த நாட்டுக் கால்பந்து விளையாடும் வெள்ளைக் கம்பங்களின் நுனி மட்டும் வானத்தில் தொங்கியதுபோல் தெரிந்தது. எங்கோ மேலே மக்பை பறவை ஒன்று, தொண்டைக்குள் தண்ணீர் உருள்வதுபோல் பாடிக்கொண்டிருந்தது.

பிரெப் பிள்ளைகள் வாசித்துப் பழக, காலையில் பெற்றோர் முறை வைத்துப் போய் உதவுவது வழக்கம். அன்று என் முறை. வகுப்பறைக்கு வெளியே நடைபாதையில், என் முழங்கால் நெஞ்சைத் தொடும் அளவு சின்னக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஹீற்றரின் சூடு, ஈரக் கம்பளி, யாரோ உரித்த மண்டரின் தோடம்பழம், எல்லாம் கலந்த ஒரு வாசனை. என் பக்கத்தில் ஒரு சிறுமி வாத்தைப் பற்றிய புத்தகத்தை விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். இனியாவின் ஏப்ரனுடைய கழுத்து நாடா அவிழ்ந்திருந்தது. இரண்டு நுனிகளையும் பின்னால் இரண்டு கைகளாலும் பிடித்தபடி அவள் மெலனியின் முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

நின்றாள். அவ்வளவுதான்.

"மெல்!" என்று ஒரு பக்கம் கேட்டது. மெலனி அந்தப் பக்கம் திரும்பினார். "மெல், மெல்!" என்று இன்னொரு பக்கம். அந்தப் பக்கமும் திரும்பினார். சத்தம் வந்த இடத்துக்கெல்லாம் போனார். இனியாவிடமிருந்து சத்தம் வரவில்லை. அவள் அழவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெரிய மனுஷியைப்போல் பொறுமையாக நின்றாள். பிறகு தன் மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் நாடாவைப் பிடித்திருந்ததால் தூரிகையை எடுக்க முடியவில்லை. மற்றவர்கள் வரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எழுந்து போய் ஒரு முடிச்சுப் போட்டிருக்கலாம். உதவிக்கு வரும் பெற்றோர் தங்கள் பிள்ளையிடம் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சொன்னதைக் கேட்கும் ஆள் நான். சிறுமி வாத்தின் பக்கத்தை இரண்டாம் முறை வாசித்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அதற்கு முன்பே அவளுடைய தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோனபடியே நிறைந்து வீட்டுக்கு வருவதைக் கண்டிருந்தேன். குளிர்தானே, தாகம் இருக்காது என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகக் கேட்க வேண்டும், கேட்பதற்கு முதலில் கூப்பிட வேண்டும் என்பது அப்போது என் தலையில் ஏறவில்லை.

இருமல் மிட்டாய்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது மெல்பேர்னில் கிளேட்டனில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு, படிக்க. என் ஆய்வை மேற்பார்த்தவர் நரைத்த தலைமுடியும் பெரிய சிரிப்பும் உள்ள பெண்மணி. முதல் நாளே தன் முதற்பெயரைச் சொல்லி, அப்படியே கூப்பிடச் சொன்னார். ஊரில் என்றால் மேடம் என்றிருப்பேன். இங்கே மேடம் என்றால் கடைக்காரர் மாதிரி இருக்கிறது என்று கூடப் படித்த ஒருத்தி சொன்னாள். பேராசிரியர் என்று கூப்பிட்டால் அவரே கையை வீசி மறுத்தார்.

அதனால் நான் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. மின்னஞ்சல்களை "நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்றே தொடங்கினேன். நேரில் பார்க்கப் போனால் கதவருகில் நின்று மெல்ல இருமுவேன். அவர் தலையை நிமிர்த்துவார்.

சில மாதங்களின் பின் ஒருநாள், அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, தேனும் எலுமிச்சையும் போட்ட இருமல் மிட்டாய்ப் பெட்டி ஒன்றை என்னிடம் நீட்டினார். மெல்பேர்ன் காற்று சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை, டொக்டரிடம் காட்டினாயா என்று உண்மையான கவலையோடு கேட்டார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். படிப்பு முடியும்வரை அவருக்கு நான் இருமல்காரி.

ஆகவே கண்ணாடிக்கு அப்பால் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது யாருடைய பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சின்னக் கதிரையில் ஒரு பேச்சு

சில நாட்களில் மெலனி என்னைச் சந்திக்கக் கேட்டார். மறுபடியும் அந்தச் சின்னக் கதிரைகள். அவர் மிகவும் பக்குவமாகப் பேசினார். இனியா கவனமாகக் கேட்கிறாள், எழுத்துகள் தெரிகின்றன, அழகாக வரைகிறாள். ஆனால் பெரியவர்களோடு பேசுவதில்லை, உதவி கேட்பதில்லை. பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் ஒருமுறை காட்டிப் பார்க்கலாம். வருட முடிவிலும் இப்படியே இருந்தால், இன்னொரு வருடம் பிரெப்பிலேயே விடுவது அவளுக்கு நல்லதாக இருக்கலாம்.

வீட்டில் அவள் வாய் ஓயாமல் பேசுவாள் என்று சொன்னேன். எல்லா அம்மாமாரும் அதைத்தான் சொல்வார்கள் போலும். மெலனி அன்போடு தலையாட்டினார். அதற்கு மேல் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் எனக்கு முக்கியமான நேரத்தில் ஆங்கிலம் காலை வாரிவிடும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அவளுடைய சிநேகிதிகள் மேல் வகுப்புக்குப் போவதும் இவள் மட்டும் புதுச் சின்னப் பிள்ளைகளோடு அதே அறையில் இருப்பதும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. மழை தூறியதா, நான்தான் அப்படிப் பார்த்தேனா தெரியவில்லை.

டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவர், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"நீர் ஏன் அதுக்குள்ள டொக்டர், வருசம் எண்டு போறீர்? முதல்ல பிள்ளையைக் கேளும்" என்றார்.

அடுத்த நாள் காலை தலை பின்னும்போது கேட்டேன். முகம் பார்க்காமல் பேசுவது எங்கள் இருவருக்கும் சுலபம்.

"மெலனியை ஏன் கூப்பிடுறேல்லை?"

"என்னெண்டு கூப்பிடுறது?" என்றாள். பிறகு சொன்னாள்: "முதல் அன்ரி எண்டு கூப்பிட்டனான். ஷீ இஸ் நொட் யுவர் ஆன்ரி எண்டு சொல்லி எல்லாரும் சிரிச்சவை."

"மெல் எண்டு சொல்லலாமே?"

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பின்னல் கையிலிருந்து நழுவியது.

"அது பேரெல்லே அம்மா."

என் குரலிலேயே சொன்னாள். டண்டினொங் தமிழ்க் கடையில் இவளுக்குத் தயக்கமே கிடையாது. "அங்கிள், முறுக்கு எங்க?" என்று கேட்டு, காசாளரை எழுந்து வரவைப்பாள். அங்கே கூப்பிட அவளிடம் ஒரு சொல் இருக்கிறது. பள்ளியில் அந்தச் சொல்லை ஒருமுறை நீட்டிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேறு சொல்லை நான் கொடுத்து அனுப்பவில்லை.

ஒஸ்லோவும் டோர்ட்முண்டும்

நான் பிறந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்கா ஒஸ்லோவில், தம்பி ஜேர்மனியில் டோர்ட்முண்டில், நடுவில் பிறந்த நான் பூமியின் அடியில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூடுவோம். எங்களுக்குக் குளிர்கால மாலை, அவர்களுக்குக் கோடைக் காலை. அக்காவின் திரை எப்போதும் பால்போன்ற வெளிச்சத்தில் மிதக்கும்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்தாள்.

"உதுக்கே இப்பிடி முழிக்கிறாய்? என்ரை பிள்ளையள் பிறின்சிப்பலையே பேர் சொல்லித்தான் கூப்பிடுதுகள்."

ஜேர்மனியில் அந்தப் பிரச்சினையே இல்லை என்றான் தம்பி. ஆசிரியையின் குடும்பப் பெயருக்கு முன்னால் ஃபிறாவ் போட வேண்டும், மரியாதைப் பன்மையில் பேச வேண்டும். நம்முடைய நீங்கள் மாதிரியேதான். அவனுடைய மகனுக்கு அது தமிழைப்போல் சுலபமாக வந்துவிட்டதாம்.

அவன் அதைச் சொல்லும்போதெல்லாம் பழைய கதை ஒன்று எழும்பும். அக்காவின் மகள் ஒருமுறை விடுமுறைக்கு டோர்ட்முண்ட் போய், மச்சானோடு ஒருநாள் அவனுடைய வகுப்பில் இருந்து பார்த்திருக்கிறாள். கரும்பலகையில் ஏதோ பிழை கண்டு, நோர்வே வழக்கப்படி ஆசிரியையை முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். வகுப்பு அப்படியே உறைந்துபோனது. ஆசிரியை சிரித்துவிட்டார். தம்பியின் மகன்தான் பிறகு பல நாள் மச்சாளோடு பேசவில்லை.

"வளர்ப்பு" என்றான் தம்பி, அன்றும் இன்றும்.

"வளர்ப்பில்லையடா, நாடு" என்றாள் அக்கா.

அந்த அக்காவே பள்ளிக்கூடக் கூட்டங்களில், சரளமான நோர்வே மொழிக்கு நடுவில் "ரீச்சர்" என்று கூப்பிடுவாளாம். அவளுடைய மகள் மேசைக்குக் கீழே போய்விடலாமா என்று பார்ப்பாளாம்.

அழைப்பு முடிந்த பிறகும் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பாயில் படுத்து வளர்ந்த மூன்று பேர். அவர்கள் இருவருக்கும் நாடே முடிவு செய்து கொடுத்துவிட்டது. இங்கே அப்படி இல்லை. எங்கள் பள்ளியில் முதற்பெயர். இரண்டு ரயில் நிலையம் தள்ளியிருக்கும் பள்ளியில் மிஸ்ஸும் குடும்பப் பெயரும். முடிவு என் கையில் வந்து விழுந்தது. நானோ உப்பு போட்டேனா இல்லையா என்றே இரண்டு தரம் ருசி பார்ப்பவள்.

இரண்டு வீடு தள்ளியிருக்கும் யோகா அன்ரியை இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். அறியாதவர்களுக்கு: எனக்கு முன்பே இந்தத் தெருவுக்கு வந்தவர், கருத்து இல்லாத விஷயமே இல்லாதவர். அவரிடம் யோசனை கேட்டேன். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"இண்டைக்கு ரீச்சர். நாளைக்கு நான். நாளையிண்டைக்கு நீ. பாத்துக்கொண்டிரு."

புகை வாசனை

பிறகு ஒருநாள் இனியா தலைமுடியெல்லாம் புகை வாசனையோடு வந்தாள். யூக்கலிப்டஸ் இலை எரிந்த வாசனை, இனிப்பும் காரமுமாக.

"அம்மா, இண்டைக்கு ஸ்கூலுக்கு ஒரு அன்ரி வந்தவ."

இந்த மண்ணின் முதற்குடிகளைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வந்திருக்கிறார். பச்சை இலைகளைப் புகையவிட்டு எல்லாரையும் வரவேற்றிருக்கிறார். அவர்களிடையே மதிப்புக்குரிய பெரிய பெண்களை அன்ரி என்று அழைப்பது வழக்கம். பள்ளிக்கூடமும் அப்படியே அழைக்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் இனியாவுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று நான் யோசித்ததில்லை.

"எல்லாரும் அன்ரி எண்டவை. மெலனியும். ஆரும் சிரிக்கேல்லை" என்றாள். "நானும் போய்க் கதைச்சனான்."

"என்ன கதைச்சனீ?"

"அன்ரி, புகை கண்ணுக்க போகாதோ எண்டு கேட்டனான். பழகிட்டுது எண்டு சொன்னவ."

குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பள்ளியில் அவள் தானாகப் போய்ப் பேசிய முதல் பெரியவர் அவர்தான். பிள்ளைக்குப் பேச்சில் குறையில்லை. கூப்பிட ஒன்று கிடைத்ததும் பேசிவிட்டாள்.

மறுநாள் மெலனியும் அதே வியப்போடு வாசலில் நின்றார். அவரும் பார்த்திருக்கிறார். இந்தமுறை ஆங்கிலம் என்னைக் கைவிடவில்லை. வீட்டு வழக்கத்தைச் சொன்னேன், அவள் அன்ரி என்று கூப்பிட்டபோது எல்லாரும் சிரித்ததைச் சொன்னேன், கடைசியில் என் இருமலையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைக்குமளவு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அவள் தன் பக்கத்தில் வந்து நிற்பதைக் கண்டதாகவும், பாசத்தில் நிற்கிறாள் என்று நினைத்ததாகவும் சொன்னார்.

அன்ரி என்ற சொல் அந்தப் பெரியவர்களுக்கு உரியது, தான் எடுத்துக்கொள்ளக்கூடாது என்றார். விரும்பினால் மிஸ் மெல் என்று கூப்பிடட்டும். முடிவு உங்களுடையது, எப்படிக் கூப்பிட்டாலும் நான் திரும்புவேன் என்று சொன்னார்.

இரண்டு நாள் அதையே யோசித்தேன். மிஸ் என்றால் என் மனம் நிம்மதியாக இருக்கும். ஆனால் எல்லாரும் மெல் என்னும் வகுப்பில் இவள் மட்டும் மிஸ் என்றால், திரும்பவும் சிரிப்பார்களா?

நான் சொன்னது

கடைசியில் மற்றவர்களைப்போல் மெல் என்றே கூப்பிடட்டும் என்று முடிவு செய்து, வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நான் ஒரு குட்டி முக்காலியில் மெலனியாக உட்கார்ந்தேன். இனியா பக்கத்தில் வந்து நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நோகுமா என்று.

நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

காலையில் வகுப்பு வாசலில் அவள் கையைப் பிடித்தபடி நின்றேன். பிள்ளைகளின் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக மூச்சு பறந்துகொண்டிருந்தது. மெலனி முதுகைக் காட்டியபடி யாருக்கோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"குட் மோர்னிங், மெலனி" என்றேன்.

படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனதுபோல் இருந்தது. இனியாவின் விரல்கள் என் கைக்குள் இறுகின. அவள் என்னைப் பார்க்கவில்லை. மெலனியின் முகத்தையே பார்த்தாள். மெலனி திரும்பினார், சிரித்தார், என் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் சொன்னார்.

ஒவ்வொரு நாளும் சொன்னேன். பழகவில்லை, ஆனாலும் சொன்னேன். பிறகொரு மாலை மெலனி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். இன்று இனியா பக்கத்தில் வந்து நின்று, "மெல், நீலம் முடிஞ்சுபோச்சு" என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம். அவர் புது நீல வண்ணம் எடுத்துக் கொடுத்தாராம். அவ்வளவுதான் செய்தி. காரில் ஏறியதும் அழுதேன். இன்னொரு வருடம் என்ற பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை. கேட்டபோது, அதற்குத் தேவையே இல்லை என்றார்.

வீட்டுக்குள் ஒரு பெயர்

இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

சென்ற சனிக்கிழமை, வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த மத்தியானம். என் கணவர் பின்வளவில் தக்காளிக்கு மண் கிளறிக்கொண்டிருந்தார். நான் சோறு போட்டுவிட்டு, அப்பாவைக் கூப்பிடு என்றேன். இனியா பின்கதவைத் திறந்து, தெளிவாக, ஒரு பாட்டின் முதல் வரிபோலக் கூப்பிட்டாள்:

"சுதன்!"

அந்தப் பெயரை நான் இதுவரை அவர் காதுபட ஒருமுறையும் சொன்னதில்லை. இஞ்சேருங்கோ என்பேன், இல்லாவிட்டால் இனியாவின் அப்பா என்பேன். எங்கள் வீட்டுக்குள் அது சத்தமாகக் கேட்டது அன்றுதான்.

அவர் கையில் மண்ணோடு வந்தார். வந்தவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிறகு பிள்ளையைப் பார்த்து, "நீயோ கூப்பிட்டனீ?" என்றார்.

திருத்த வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நாடாவைப் பிடித்திருந்த கைகள் நினைவுக்கு வந்தன. மூடிக்கொண்டேன்.

"விடும், நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர், கை கழுவிக்கொண்டே.

விடலாமா? மார்கழி விடுமுறைக்கு அக்காவும் தம்பியும் குடும்பத்தோடு முதல்முறையாக இங்கே வருகிறார்கள். விமான நிலையக் கதவு திறந்து பெரியம்மாவும் மாமாவும் வெளியே வருவார்கள். இனியா ஏதோ ஒன்று சொல்லிக் கூப்பிடுவாள். தம்பியின் முகத்தை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. இப்போதே திருத்தினால், மெல் என்ற சொல்லும் சேர்ந்து அவள் வாய்க்குள் போய்விடுமோ என்று இன்னும் கூடுதலாக வியர்க்கிறது.

ஒஸ்லோவிலோ பாரிஸிலோ சிட்னியின் செவன் ஹில்ஸிலோ இருந்து இதைப் படிக்கும் அம்மாமாரே, அப்பாமாரே, இந்த வழியால் நீங்கள் முன்பே நடந்திருப்பீர்கள். அங்கே பெயர் சொல், இங்கே சொல்லாதே என்று பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள்? சொல்லாமலே விட்டீர்களா? விட்டிருந்தால், பிறகு மனம் என்ன சொன்னது? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம், ஒரு வரி போதும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும் வரியாக இருக்கட்டும். அவளிடம் சொல்வதற்கு முன் அதை நான் நம்பிப் பார்க்க வேண்டும்.